ஒன் பை டூ சூப்பில் பங்கு பிரித்த கதை

எங்கள் குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போனால் மெனு கார்டு எல்லார் கைக்கும் சுற்றிவரும், என் கையைத் தவிர. இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட என் மகளுக்குக்கூடக் கொடுப்பார்கள். அவள் "கோ... பி... மஞ்... சூ..." என்று இழுத்து முடிப்பதற்குள் பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிட்டுக் கை கழுவி, சோம்பு மென்றுகொண்டு வெளியே போய்விடுவார்கள். பரவாயில்லை, குழந்தைக்காகக் காத்திருப்பார்கள். நான் கை நீட்டினால் மட்டும் அப்பா கார்டைத் தன் மடியில் கவிழ்த்து வைத்துக்கொள்வார். "உனக்கு எதுக்கும்மா சிரமம்?" என்பார். (அன்பாகத்தான் சொல்வார். அதுதான் எரிச்சல்.)

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சூப்.

என் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம் அது. மைசூரில் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அது போதாதென்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஊட்டச்சத்து வகுப்புக்குப் போய், தங்க நிறக் கரை போட்ட ஒரு சான்றிதழும் வாங்கியிருந்தேன். அதைச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு பயந்து பயந்துதான் உள்ளே வந்தது. அப்பாவின் காபியில் சர்க்கரை போயிற்று, பிறகு பால் குறைந்தது, பிறகு காபியே போய் வெந்தயத் தண்ணீர் வந்தது. "அந்த சர்டிபிகேட்டு வந்த நாள்ல இருந்து இந்த வீட்ல யாரும் சிரிச்சுக்கிட்டு சாப்பிடல" என்று அம்மா பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் கன்னடத்தில் சொன்னதை நானே கேட்டேன். அறியாமை என்று மன்னித்துவிட்டேன்.

இப்போது சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ஒரே தம்பி. குண்டலுபேட்டையில் காய்கறி மண்டி வைத்திருந்தார். அப்பா மைசூரில் ஒரு தொழிற்சாலையில், செய்து முடித்த பொருளை அளந்து பார்த்து 'சரி' என்று முத்திரை போடும் வேலையில் இருந்தார். இருவரும் ஹனூர் பக்கத்து ஆட்கள். அங்கே தாத்தா விட்டுப்போன காட்டைப் பங்கு பிரித்தபோதுதான் வினை வந்தது. அன்று அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. உறவுக்காரர்கள் இரண்டு பேர் சர்வேயரை வைத்து அளந்து, இது அண்ணனுக்கு, இது தம்பிக்கு என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். வரப்போரம் நின்ற புளியமரம் அப்பா பக்கம் விழுந்தது. அண்ணன் முன்கூட்டியே சொல்லிவைத்துத்தான் இப்படிச் செய்தார் என்று சித்தப்பா நினைத்துக்கொண்டார். தம்பி இப்படி நினைத்துவிட்டானே என்று அப்பா நினைத்துக்கொண்டார். அவ்வளவுதான், பேச்சு நின்றது. (அம்மாவும் சித்தியும் மட்டும் தினமும் மத்தியானம் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். அது இரண்டு ஆண்களுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்கள்.)

எனக்கோ சித்தப்பா இல்லாமல் கல்யாணம் என்றால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சின்ன வயதில் தசரா ஊர்வலத்தில் யானையை நான் பார்த்ததெல்லாம் அவர் தோளில் உட்கார்ந்துதான். அப்பா குள்ளம், அவர் தோளில் ஏறினால் முன்னால் நிற்பவரின் வழுக்கைதான் தெரியும். சித்தப்பா என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு, "தெரியுதா அம்மிணி? அம்பாரி தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவருக்குத்தான் பாவம், என் கால் மறைத்து ஒன்றும் தெரியாது.

போன் செய்தேன்.

"உன்ற கல்யாணத்துக்கு வரக்கூடாதுன்னா எனக்கு இருக்குது?" என்றார். "என்ற அண்ணன் வாயத் தொறந்து ஒரு வார்த்த 'வா'ன்னு சொல்லட்டும், ஒரு வாரம் முன்னயே வந்துர்றேன். பத்திரிக்கைய மட்டும் ஆளுங்கிட்டக் குடுத்தனுப்புனா வர மாட்டேன் கண்ணு. போட்டோ அனுப்பு, பாத்துக்கறேன்."

அப்பாவிடம் சொன்னேன். "மூத்தவன் நானு. நான் போய் முதல்ல வாயத் தொறக்கணுமா?" என்று கேட்டுவிட்டு வெந்தயத் தண்ணீரைக் குடித்தார். முகம் இன்னும் கசந்தது.

ஆக எனக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அதுவும் ஓரெழுத்து வார்த்தை. அதை அப்பா வாயிலிருந்து வரவழைக்க வேண்டும்.

இருவரையும் ஓரிடத்தில் உட்கார வைத்தால் நடந்துவிடும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக்கு சித்தப்பா வர மாட்டார், அவர் வீட்டுக்கு அப்பா போக மாட்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கோயிலுக்கு அழைத்துப்போகலாம் என்றால், ஆளுக்கொரு தூணைப் பார்த்து நின்றுவிட்டு பெருமாளிடம் மட்டும் பேசிவிட்டு வந்துவிடுவார்கள். ஓட்டல்தான் சரி. "வர்றேன், ஆனா அவங்கூட ஒரே மேசையில கை நனைக்க மாட்டேன்" என்றார் அப்பா. சித்தப்பாவும் அப்படியே சொன்னார், அண்ணன் தம்பி இருவரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி.

இங்கேதான் என் சான்றிதழ் மூளை வேலை செய்தது. கை நனைக்க மாட்டார்கள், சரி. சூப்பில் கை எங்கே நனைகிறது? ஸ்பூனால் குடிக்கிற பொருள். அது சாப்பாட்டிலேயே சேராது. அதோடு சூப் சூடாக இருக்கும், ஊதி ஊதித்தான் குடிக்க வேண்டும். ஊதிக்கொண்டிருக்கிற வாயால் யாராலும் சண்டை போட முடியாது. உடம்புக்கும் நல்லது. இவ்வளவு பிரமாதமான திட்டத்தை ஏன் இதுவரை யாரும் யோசிக்கவில்லை என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. (யோசித்தவர்கள் கைவிட்டிருப்பார்கள் என்று அப்போது தோன்றவில்லை.)

ஊருக்கு நாலு கிளை வைத்திருக்கும் ஒரு ஓட்டல், ரிங் ரோட்டுப் பக்கம் புதிதாகத் திறந்திருந்தது. ஆரஞ்சு நிற சோபா, சுவரில் தக்காளிப் படம், சூப்புக்கென்றே தனி மெனு கார்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்பா வெள்ளை வேட்டியில் வந்தார். சித்தப்பா தேவராஜ மார்க்கெட்டில் யாரையோ பார்த்துவிட்டு, தோளில் துண்டோடு வந்தார். எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் நான்.

"அம்மிணி, ஃபேன் காத்து உங்கப்பனுக்கு நேரா அடிக்குது. சளி புடிக்கும். கொஞ்சம் நகந்து உக்காரச் சொல்லு" என்றார் சித்தப்பா.

"எனக்கொண்ணும் சளி பிடிக்காதுன்னு சொல்லும்மா" என்றார் அப்பா, நகர்ந்தபடியே.

பிறகு என்னையும் விட்டுவிட்டு சர்வரைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா அவரிடம் சித்தப்பாவைக் காட்டி, "அவ்ரிகெ நீர் கொடி" என்று தண்ணீர் கொடுக்கச் சொன்னார். சித்தப்பா தண்ணீரைக் குடித்துவிட்டு, அப்பாவுக்கும் கொடுக்கும்படி அதே சர்வரிடம் கன்னடத்தில் சொன்னார். பெரிய மீசை வைத்த மனிதர் அந்த சர்வர். ஒரே மேசையில் இருக்கும் இருவர் தன் மூலமாகத் தண்ணீர் பரிமாறிக்கொள்வதை அவர் அதிசயமாகப் பார்த்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. தண்ணீர் வரைக்கும் வந்துவிட்டார்கள், வார்த்தைக்கு எவ்வளவு தூரம்?

அப்போது நான் மெனு கார்டைத் திறந்தேன். அங்கேயே மூடியிருக்க வேண்டும்.

"சுவீட் கார்ன் சூப்" என்றார் சித்தப்பா, படத்தைப் பார்த்து ஆசையாக.

"அதுல வெறும் மாவுச்சத்து சித்தப்பா. கார்ன்ஃப்ளார் கரைச்சு ஊத்தியிருப்பாங்க."

"சரி, தக்காளி சூப்பு" என்றார் அப்பா.

"உங்களுக்குக் கிட்னில கல்லு வந்துச்சே. மேல க்ரீம் வேற ஊத்துவாங்க."

காளான் வேண்டாம் என்று சித்தப்பாவே சொல்லிவிட்டார், அவர் குப்பைமேட்டில் முளைப்பதைச் சாப்பிடுவதில்லை. காரமும் புளிப்புமான சூப் அவருடைய வயிற்றுக்கு ஆகாது. நூடுல்ஸ் போட்டது அப்பாவின் சர்க்கரைக்கு ஆகாது. சீஸ் போட்டது யாருக்குமே ஆகாது என்று நான் தீர்ப்பளித்தேன். ஒவ்வொன்றுக்கும் நார்ச்சத்து எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று சர்வரைக் குறுக்கு விசாரணை செய்தேன். அவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். ஒரு கட்டத்தில் சோபாவின் கையில் சாய்ந்தே விட்டார். கடைசியில் கார்டின் அடியில், பச்சை இலை போட்ட கட்டத்துக்குள் ஒரே ஒரு சூப் மிஞ்சியது. 'மோரிங்கா பார்லி சூப்.'

"அப்படின்னா?" என்றார் அப்பா.

"அதே சார், நுக்கே சொப்பு" என்றார் சர்வர்.

"முருங்கக்கீரையா?" சித்தப்பா சர்வரை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கூட்டு வேலியில ஆடு கடிக்குது அம்மிணி. இதுக்கா கார் புடிச்சு வந்தேன்?"

"இரும்புச்சத்து சித்தப்பா" என்றேன். யாரும் அசையவில்லை.

"எஷ்டு மேடம்? ஒன் பை டூ மாட்லா?" என்று சர்வர் கேட்டார், எத்தனை, பாதி பாதியாகப் பிரிக்கட்டுமா என்று.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் சிலர் இதைப் பார்த்து வியப்பதுண்டு. மைசூரில் பிறந்தவர்களுக்கு ஒன் பை டூ என்பது மூச்சு விடுவது மாதிரி. ஒரு காபியை இரண்டு டம்ளரில், ஒரு சூப்பை இரண்டு கிண்ணத்தில் பிரித்து வாங்கிக்கொள்வோம். கேட்டால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். சர்வர் கேட்டால் தலை தானாக ஆடும். என் தலையும் ஆடியது. எனக்கு ஒன்று, பெரியவர்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்று, ஒன் பை டூ. பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பிக்கு, அதுவும் பங்கு பிரித்ததில் சண்டை போட்டவர்களுக்கு, ஒரே பொருளை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறோமே என்று மண்டையில் உறைக்கவே இல்லை.

சூப் வந்தது. பச்சையாக, ஆவி பறக்க. அப்பா முன் ஒரு கிண்ணம், சித்தப்பா முன் ஒரு கிண்ணம். உள்ளே யாரோ அவசரத்தில் ஊற்றியிருக்கிறார்கள். கீரை, பார்லி, கேரட் எல்லாம் அப்பாவின் கிண்ணத்தில். சித்தப்பாவின் கிண்ணத்தில் வெறும் பச்சைத் தண்ணீர். அதில் ஒரே ஒரு பார்லி, அதுவும் ஓரமாக.

சித்தப்பா ஸ்பூனால் அந்தப் பார்லியைத் தொட்டுப் பார்த்தார்.

"அம்மிணி, இதப் பங்கு போட்டது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "யாரு போட்டா என்ன, மேலானது எந்தப் பக்கம் போய் உழுகும்னுதான் எல்லாருக்கும் தெரியுமே."

"நானா உள்ள போய்ப் பிரிச்சேன்?" அப்பா முதல்முறையாக நேராக அவரைப் பார்த்தார். பேச்சு மட்டும் என்னிடம். "கேளு, நானா போய்ப் பிரிச்சேன்? அன்னைக்கும் நான் அங்க இல்ல, இன்னைக்கும் அடுப்படியில நான் இல்ல!"

"இருந்திருக்கோணும்! அதத்தான் சொல்றேன்!"

எதிர்மேசையில் ஒரு குழந்தையின் பிறந்தநாள். கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். கேக் வெட்டும் கத்தியோடு குழந்தை எங்களைப் பார்த்தது. இருவரையும் அமைதிப்படுத்த ஒரே வழி கீரையைச் சமமாக்குவதுதான் என்று முடிவு செய்தேன். அப்பாவின் கிண்ணத்தை எடுத்து சித்தப்பாவின் கிண்ணத்தில் கொஞ்சம் சாய்த்தேன். கீரை வருவேனா என்றது. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். மொத்தமும் ஒரே கட்டியாக வந்து விழுந்தது. சித்தப்பாவின் கிண்ணத்திலிருந்து சூப் பொங்கி வழிந்து, மேசையின் சரிவு எந்தப் பக்கம் என்று காட்டியபடி நேராக அப்பாவின் வெள்ளை வேட்டிக்குப் போயிற்று.

அப்பா எழுந்தார். சித்தப்பாவும் எழுந்தார். நானும் எழுந்து, மைசூரே கேட்கும்படி, "சும்னிரி! சும்மா இருங்க ரெண்டு பேரும்!" என்று கத்தினேன். கத்திய கையோடு அழுகையும் வந்துவிட்டது. கல்யாணப் பெண், கையில் காலிக் கிண்ணம், ஜாக்கெட் கையில் முருங்கை இலை, நடு ஓட்டலில் விக்கி விக்கி அழுகை. பிறந்தநாள் வீட்டு அம்மா ஒருவர் எனக்கு டிஷ்யூ பேப்பர் கொடுத்தார். நியாயமாக அது அப்பாவின் வேட்டிக்குப் போயிருக்க வேண்டும்.

சர்வர் உள்ளே போனார். அதே சூப்பைப் புதிதாகக் கொண்டுவந்தார், பிரிக்காமல், ஒரு பெரிய கிண்ணத்தில். பக்கத்தில் இரண்டு காலிக் கிண்ணங்களையும் கரண்டியையும் வைத்தார். "நீவே ஹாக்கொள்ளி" என்று சொல்லிவிட்டு நாலு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள், ஆளை விடுங்கள் என்பது அதற்குப் பொருள்.

யாரும் கரண்டியைத் தொடவில்லை. சித்தப்பா உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, குரலை இறக்கிச் சொன்னார்.

"மூத்தவங்க பங்கு போடோணும், எளையவன் மொதல்ல எடுக்கோணும். அதுதான நம்மள்ல மொற? எனக்குப் புளியமரம் எதுக்கு அம்மிணி? மண்டியில இல்லாத புளியா? என்ற அண்ணன் வந்து நின்னு, தன் கையில பிரிச்சு, 'எடுத்துக்கடா'ன்னு சொல்லுவாருன்னு நெனச்சுக்கிட்டு அன்னைக்குப் பொழுதுக்கும் வரப்புல நின்னேன். யாரோ வந்து அளந்து, யாரோ குடுத்துட்டுப் போனாங்க."

அப்பா ஈர வேட்டியோடு உட்கார்ந்தார். கரண்டியை எடுத்தார்.

வாழ்நாளெல்லாம் தொழிற்சாலையில் அளந்து பார்த்த மனிதர். இரண்டு கிண்ணங்களையும் ஒட்டி வைத்தார். தலையைச் சாய்த்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து, இரண்டிலும் சூப்பின் விளிம்பு ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தார். கீரையைத் தனியாக, கேரட்டைத் தனியாகப் போட்டார். ஒரு துண்டு கேரட் மீந்தது. அதைக் கரண்டி ஓரத்தால் இரண்டாக வெட்டினார். சர்வர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்தநாள் குழந்தைகூட கேக்கை மறந்து பார்த்தது. முடித்ததும் இரண்டையும் சித்தப்பா பக்கம் நகர்த்தினார்.

"எடுத்துக்கடா" என்றார்.

என்னிடம் இல்லை, சர்வரிடம் இல்லை, தம்பியிடம் சொன்னார். எனக்கு மறுபடியும் அழுகை வந்தது. இந்த முறை டிஷ்யூ கிடைக்கவில்லை.

சித்தப்பா அவசரப்படவில்லை. இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். ஒன்றைத் தூக்கிக் கனம் பார்த்தார், மண்டியில் தக்காளிக் கூடையைப் பார்ப்பது போல. கூச்சமே இல்லாமல், ஒரு மயிரிழை பெரிதாகத் தெரிந்ததை எடுத்துக்கொண்டார். ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார். ஸ்பூனை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஏண்ணா" என்றார். "இத ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

அப்பா குடித்தார். கண்ணை மூடினார். விழுங்கியது தொண்டையில் தெரிந்தது.

"கழனித் தண்ணி மாதிரி இருக்கேடா."

"மாடு மோந்து பாத்துட்டுப் போயிருமுங்ண்ணா!"

"இதுக்கா நாம எந்திரிச்சு நின்னு சண்ட போட்டோம்?"

இருவரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வருடக்கணக்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்களுக்குப் பொதுவாக ஓர் எதிரி கிடைத்துவிட்டது. என் சான்றிதழ், வெந்தயத் தண்ணீர், உருளைக்கிழங்குத் தடை எல்லாவற்றையும் அப்பா ஒன்றுவிடாமல் தம்பியிடம் முறையிட்டார். அண்ணன் பட்ட பாட்டைக் கேட்டு சித்தப்பா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஒரு போன் பண்ணியிருந்தா நான் வந்து கூட்டீட்டுப் போயிருப்பனே" என்றார். பிறகு என் கையிலிருந்த மெனு கார்டை அவரே உருவி அப்பாவிடம் கொடுத்தார். அன்று போனதுதான், அந்தக் கார்டு.

பரோட்டா வந்தது. குருமா வந்தது. கோபி மஞ்சூரி, நெய் சாதம், மாவுச்சத்து நிறைந்த சுவீட் கார்ன் சூப் (மூன்று, முழுசாக) எல்லாம் வந்தன. ஒரே மேசையில் முழங்கை வரைக்கும் கை நனைத்தார்கள். நான் என் முருங்கைக்கீரை சூப்பைத் தனியாகக் குடித்தேன். ஒரு கொள்கைக்காக. கொடுமையாகத்தான் இருந்தது.

அப்பா குருமாவை வழித்தபடி சொன்னார். "இதப் பாரு, கல்யாணத்துல இந்தப் புள்ளைய சமையக்கட்டுப் பக்கமே விடக்கூடாது. சாம்பாருக்கு உப்புப் போடாதன்னு சொன்னாலும் சொல்லும். நீ நாலு நாள் முன்னாடியே வாடா. வந்து பந்தியப் பாத்துக்க."

வா. சொல்லிவிட்டார். என்னைத் திட்டுகிற வேகத்தில் அவர் சொன்னது அவருக்கே தெரியவில்லை. சித்தப்பாவுக்குத் தெரிந்தது. பரோட்டாவைப் பிய்த்த கை நின்றது. "வர்றேனுங்ண்ணா" என்றார். ஒரு வாரம் முன்பாகவே வந்தார். என் கல்யாணப் பந்தியில் பரிமாறிய சூப்பையும் அவர்தான் முடிவு செய்தார், சுவீட் கார்ன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எதைப் பிரித்தாலும், கேக்கோ மைசூர்பாக்கோ புளியோ, அப்பா பிரிப்பார், சித்தப்பா எடுப்பார், மற்றவர்கள் "கீரை எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். என் கணவர் வீட்டிலும் இந்தக் கேள்வி பரவிவிட்டது. சித்தப்பா ஒவ்வொரு முறையும் கூச்சப்படாமல் பெரியதை எடுத்து, "பாத்தீங்களா, தம்பிக்குத்தான் மேலு" என்று எல்லாருக்கும் தூக்கிக் காட்டுவார்.

போன மாதம் அதே ஓட்டலுக்குப் போனோம். ஆரஞ்சு சோபா இப்போது நீலமாகிவிட்டது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் செய்தும் பார்வை சரியாகத் திரும்பவில்லை. மெனு கார்டில் ஒரு வரிகூடத் தெரியாது, ஆனாலும் என்னிடம் தராமல் மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். மகள் எழுத்துக் கூட்டிப் படித்து, ஒரு சுவீட் கார்ன் சூப் சொன்னாள். பிரிக்காமல் கொண்டுவரச் சொன்னார் அப்பா. கரண்டியைத் தடவி எடுத்தார். பழைய பழக்கத்தில் தலையைச் சாய்த்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். ஒரு கிண்ணம் விளிம்பு வரை நிறைந்தது. இன்னொன்றில் பாதிகூட இல்லை. இரண்டையும் தம்பி பக்கம் நகர்த்தி, "எடுத்துக்கடா" என்றார்.

சித்தப்பா இரண்டையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, பேசாதே என்று கண்ணைக் காட்டினார். குறைந்திருந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, ஓட்டலுக்கே கேட்கும்படி, "பாத்தீங்களாண்ணா, இன்னைக்கும் பெருசு எனக்குத்தான்!" என்றார்.

"உனக்கு என்னைக்குடா சின்னது கெடச்சிருக்கு?" என்று அப்பா சிரித்தார். நிறைந்திருந்த கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஊதி ஊதிக் குடித்தார்.